ஆறப்போடத் தெரிந்தவர்கள்: பணயக்கைதிப் பேச்சுவார்த்தை உண்மையில் எப்படி நடக்கிறது?

எங்காவது யாரையாவது பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி ஓடும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். “இவனுங்ககிட்ட என்ன பேச்சு? உள்ளே புகுந்து சுட வேண்டியதுதானே?” என்பார் ஒருவர். “நல்லாப் பேசத் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பினா பத்து நிமிஷத்துல மடக்கிடுவார்” என்பார் இன்னொருவர். இரண்டாமவர் நிதானமானவர் போலத் தோன்றும். ஆனால் இருவரும் விரும்புவது ஒன்றைத்தான்: சீக்கிரம் முடிய வேண்டும். ஒருவர் துப்பாக்கியால் முடிக்கப் பார்க்கிறார், மற்றவர் வாயால்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே சீக்கிரம் முடிக்காமல் இருப்பதுதான். வீட்டில் சண்டை முற்றும்போது பெரியவர்கள் “இப்போ வேண்டாம், கொஞ்சம் ஆறப்போடு” என்பார்கள் இல்லையா, அதைத் துப்பாக்கி முனையில் செய்வதுதான் பணயக்கைதிப் பேச்சுவார்த்தை.

இதை ஒரு படத்தை வைத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். 1975இல் சிட்னி லுமெட் இயக்கி அல் பசினோ நடித்த ‘டாக் டே ஆஃப்டர்நூன்’. நடந்த சம்பவத்தை வைத்து எடுத்த படம். இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. இதில் வரும் போலீஸ் அதிகாரிக்குப் பேச்சுவார்த்தையில் எந்தப் பயிற்சியும் கிடையாது. சிலதைச் சரியாகச் செய்கிறார், சிலதில் சறுக்குகிறார். இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். படத்தின் முடிவையும் சொல்லப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

அந்த வங்கியில் நடந்தது

1972 ஆகஸ்ட் 22. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் சிறிய கிளை ஒன்றில் மூன்று பேர் கொள்ளையடிக்கப் போனார்கள். ஒருவர் ஆரம்பத்திலேயே பயந்து ஓடிவிட்டார். மற்ற இருவரும் வெளியேறுவதற்குள் போலீஸ் கட்டடத்தைச் சூழ்ந்துவிட்டது. உள்ளே வங்கி ஊழியர்கள். வெளியே போலீஸ், தொலைக்காட்சிக் கேமராக்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். சுமார் 14 மணி நேரம் இழுத்தது. கடைசியில் கென்னடி விமான நிலையத்தில் கொள்ளையர்களில் இளையவரை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சுட்டுக் கொன்றது. அவருக்கு வயது 18. மற்றவர் பிடிபட்டார். பணயக்கைதிகள் எல்லோரும் உயிர் தப்பினார்கள்.

படத்தில் பசினோவின் பாத்திரத்துக்குப் பெயர் சன்னி. கூட வருபவன் சால். எதிரே இருக்கும் சலூன் கடையை முகாமாக்கிக்கொண்டு அங்கிருந்து வங்கிக்குத் தொலைபேசியில் பேசும் போலீஸ் அதிகாரி மொரெட்டி. சார்லஸ் டர்னிங் நடித்திருப்பார்.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1971 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிக்கா சிறையில் கைதிகள் கலகம் செய்து காவலர்களைப் பிணை வைத்தார்கள். ஐந்தாம் நாள் அரசு படையை உள்ளே அனுப்பியது. அந்தத் தாக்குதலில் 39 பேர் இறந்தார்கள். அதில் 10 பேர், யாரைக் காப்பாற்ற உள்ளே போனார்களோ அதே பணயக்கைதிகள். படத்தில் சன்னி தெருவில் நின்று “ஆட்டிக்கா! ஆட்டிக்கா!” என்று கத்துவதும், கூட்டம் கூடவே கத்துவதும் இதனால்தான். அன்றைய பார்வையாளர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

புரூக்ளின் சம்பவம் நடந்து இரண்டு வாரத்தில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அவசர கதியில் போட்ட மீட்புத் திட்டம் விமான தளத்தில் சிதறிப்போனது. இஸ்ரேல் அணியினர் 11 பேர் இறந்தார்கள். நம் ஊரில் இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று நியூயார்க் போலீஸ் யோசிக்கத் தொடங்கியது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க், அதிகாரி ஃபிராங்க் போல்ஸ் ஆகியோர் முன்னின்று, பேசுவதற்கென்றே ஒரு குழுவை 1973இல் அமைத்தார்கள். உலகெங்கும் பல காவல் துறைகள் பின்னாளில் இந்த வழியைப் பின்பற்றின. ஆக, மொரெட்டி இந்தத் தொழில் பிறப்பதற்குச் சற்று முன்னால் அதைச் செய்ய நேர்ந்த மனிதர்.

தாழ் போட்ட கதவு

வங்கியை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குப் போவோம். பரீட்சை முடிவு வந்த நாள். பையன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அப்பா கதவைத் தட்டுகிறார், தட்டல் இடியாகிறது. “இப்போ திறக்கலேன்னா உடைச்சிடுவேன்” என்கிறார். அம்மா அழுகிறார். சித்தப்பா போனில், “எதுக்குடா இதுக்கெல்லாம்? அடுத்த தடவை பாஸ் பண்ணிடலாம்” என்று புத்தி சொல்கிறார். உள்ளே சத்தமில்லை.

அப்புறம் பாட்டி வருகிறார். எல்லோரையும் கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவோரம் தரையில் உட்காருகிறார். “நான்தான்டா. கதவைத் திறக்க வேணாம். சும்மா உட்கார்ந்திருக்கேன்.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரொம்ப அவமானமா இருக்கோ?” அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வருகிறது.

பாட்டி இங்கே நான்கு காரியம் செய்தார். கூட்டத்தைக் குறைத்தார். அவசரத்தை எடுத்தார். அவன் மனதில் இருந்ததற்கு ஒரு பெயர் வைத்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான். உண்மையில் அவர்களுடைய அன்றாட வேலையில் பெரும்பகுதி வங்கிக் கொள்ளையே கிடையாது. வாழ்வில் மனம் உடைந்து கதவைச் சாத்திக்கொண்டவர்களிடமும், பாலத்தின் விளிம்பில் நிற்பவர்களிடமும் பேசுவதுதான்.

இப்படிப் பேசும் பணிக்கென்றே பயிற்சி பெற்றவருக்கு நெகோஷியேட்டர் என்று பெயர். இனி அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இரண்டு வகை நெருக்கடி

நெகோஷியேட்டர் முதலில் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி: உள்ளே இருப்பவர் எதையாவது வாங்குவதற்காகப் பிடித்து வைத்திருக்கிறாரா, இல்லை எதையோ கொட்டித் தீர்ப்பதற்காகவா?

முதல் வகையில் ஒரு பேரம் இருக்கிறது. “விமானம் கொடு, இவர்களை விடுகிறேன்.” பிடிபட்டவர்களின் உயிர் அவருக்கு மூலதனம் மாதிரி. அதைத் தொலைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவருக்கே தெரியும். இதுதான் சரியான பொருளில் பணயக்கைதி நிலை. இரண்டாம் வகையில் பேரமே இல்லை. வேலை போனவர், மனைவி பிரிந்தவர், கோபத்திலும் துக்கத்திலும் துப்பாக்கியை எடுத்தவர். அவர் வைத்திருக்கும் மனிதர்கள்மேல்தான் அவருக்குக் கோபமே. இதை உணர்ச்சி நெருக்கடி என்பார்கள். இங்கே விமானமும் பணமும் பேசி எந்தப் பயனும் இல்லை.

சன்னி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அவன் பிணை பிடிக்கத் திட்டமிட்டு வரவில்லை. பத்து நிமிடத்தில் பணத்தோடு போய்விட வேண்டும் என்று வந்தவன். போலீஸ் வந்ததால் பிணை பிடித்தவனானான். வாயில் விமானம் கேட்கிறான், மனதில் பயமும் வெட்கமும் வீட்டுப் பிரச்சினைகளும். இந்த மாதிரி ஆட்களிடம் பேரத்தை மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

நேரம் என்ன செய்கிறது?

குக்கரில் ஆவி இறங்குவதற்கு முன் மூடியைத் திருகினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது வெறும் வசவு கிடையாது, மனம் வேலை செய்யும் விதமே அதுதான். பயமும் கோபமும் உச்சத்தில் இருக்கும்போது யோசிக்கும் திறன் அடிமட்டத்தில் இருக்கும். ஆனால் அந்த உச்சத்தில் உடம்பால் மணிக்கணக்கில் நிற்க முடியாது. பசிக்கும், தாகம் எடுக்கும், கால் வலிக்கும், தூக்கம் வரும். உணர்ச்சி இறங்க இறங்க யோசனை மேலே வரும்.

நேரம் இன்னொன்றும் செய்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் மனிதராகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். படத்தில் சில மணி நேரம் கழித்து வங்கிப் பெண் ஒருத்தி சன்னியின் துப்பாக்கியை வாங்கி, அணிவகுப்பு மாதிரி பிடித்துப் பார்ப்பாள். சன்னி சொல்லிக்கொடுப்பான். சிரிப்பு வரும் காட்சி, ஆனால் சொல்வது பெரிய விஷயம். தொடக்கத்தில் முகம் தெரியாத ஊழியர்களாக இருந்தவர்கள் சில மணி நேரத்திலேயே பெயரும் வீடும் வாசலும் உள்ள மனிதர்களாகிவிட்டார்கள். அவர்கள்மேல் சுடுவது இப்போது இன்னும் கடினம். அதனால்தான் நெகோஷியேட்டர் பேசும்போது ‘பணயக்கைதிகள்’ என்ற சொல்லையே தவிர்ப்பார். “உங்களோட இருக்கிறவங்க சாப்பிட்டாங்களா?” என்றுதான் கேட்பார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1971 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம் போதும். ஒருவர் பிரிந்திருந்த தன் மனைவியை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு ஒரு சிறு விமானத்தைக் கடத்தினார். எரிபொருளுக்காக விமானம் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் இறங்கியது. இரண்டு பேர் விமானத்திலிருந்து இறங்கியும் வந்துவிட்டார்கள். நிலைமை இளகிக்கொண்டிருந்த நேரம். எஃப்.பி.ஐ. காத்திருக்காமல் விமானத்தின் டயர்களையும் எஞ்சினையும் சுட்டது. உள்ளே இருந்தவர் தன் மனைவியையும் விமானியையும் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.பி.ஐ. கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்புச் சொன்னது. பேச்சு பலன் தந்துகொண்டிருக்கும்போது அதை ஏன் கைவிட்டீர்கள் என்ற கேள்விக்குக் காவல் துறைகள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை இதன்பிறகுதான் வலுப்பட்டது.

இதுவரை பார்த்தது: பேச்சுவார்த்தையின் முதல் நோக்கம் சம்மதிக்க வைப்பது கிடையாது. நேரம் சம்பாதிப்பது. அந்த நேரத்தில் கோபம் இறங்கும், உள்ளே உறவு உருவாகும், வெளியே நல்ல திட்டம் போட முடியும்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா?

இல்லை. கதவோரம் பாட்டி உட்காரும்போது, வீட்டின் பின்கதவில் யாராவது நிற்க வேண்டும் இல்லையா? போலீஸ் முதலில் செய்வது இடத்தைச் சுற்றி வளைத்து, உள்ளே இருப்பவர் நகர முடியாதபடியும் வெளியாட்கள் நெருங்க முடியாதபடியும் பார்த்துக்கொள்வது. இதைக் கட்டுக்குள் வைத்தல் என்பார்கள். ஆயுதப் படை தயாராகத்தான் இருக்கும். அது இருப்பதால்தான் பேச்சுக்கு எடை வருகிறது. ஆனால் அது கண்ணில் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

படத்தில் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தெருவில் கட்டுப்பாடே இல்லை. மொட்டை மாடியெங்கும் போலீஸ், தெருவெங்கும் கூட்டம். பீட்சா கொண்டுவரும் பையன் கேமராவைப் பார்த்ததும் தன்னை நட்சத்திரம் என்று கத்துகிறான். சன்னி கூட்டத்தைப் பார்த்துப் பணத்தை வீசுகிறான். பார்க்க ஆள் இருக்கும்போது யாராலும் இறங்கி வர முடியாது. தெருச் சண்டையில் கூட்டம் கூடியதும் இருவருமே விட்டுக்கொடுக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தை விலக்குவது பாதி சமாதானம்.

கேட்பது எப்படி?

நெகோஷியேட்டர் என்றால் பேச்சில் வல்லவர் என்று நினைக்கிறோம். அவர் கேட்பதில் வல்லவர். நியூயார்க் குழுவின் வாசகமே “என்னிடம் பேசு” என்பதுதான். “நான் சொல்வதைக் கேள்” என்று அவர்கள் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சின்ன உதாரணம், நானே எழுதியது. உள்ளே இருப்பவர் தொலைபேசியில் கத்துகிறார்: “நான் வெளியே வந்தா சுட்டுத் தள்ளிடுவீங்க. எல்லாரும் பொய் சொல்றீங்க!”

நம்மில் பலர் சொல்லும் பதில்: “அதெல்லாம் இல்லை, பயப்படாதீங்க, அமைதியா இருங்க.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் மூன்று மறுப்பு இருக்கிறது. நீ நினைப்பது தப்பு, உன் பயம் தப்பு, உன் குரலும் தப்பு. அவர் இன்னும் சத்தமாகக் கத்துவார்.

பயிற்சி பெற்றவர் சொல்வது: “இதுக்கு முன்னாடி யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க போல இருக்கு. உயிர்மேல பயமா இருக்கு.” அவ்வளவுதான். அப்புறம் மௌனம். எதிர்முனையில் “ஆமா!” என்று வந்தால், அன்றைய முதல் வெற்றி அதுதான்.

இதற்குச் செயலூக்கமுள்ள செவிமடுத்தல் என்று பெயர். அதாவது, கேட்டேன் என்பது சொன்னவருக்கே தெரியும்படி கேட்பது. அதற்குச் சில கருவிகள் உண்டு. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, மேலே பார்த்தது. அவர் சொன்னதன் கடைசிச் சொற்களை அப்படியே திருப்பிக் கேட்பது. சொன்னதைச் சுருக்கி, “நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனா?” என்று கேட்பது. ஆம், இல்லை என்று முடியாத கேள்விகள் கேட்பது. எல்லாவற்றுக்கும் மேலாக மௌனம். நம்மால் மிகக் கடினமாகச் செய்யக்கூடியது அதுதான்.

எஃப்.பி.ஐ. இதை ஐந்து படிகளாகச் சொல்லிக்கொடுக்கிறது. முதலில் கேட்பது. அதிலிருந்து அவர் நிலையைப் புரிந்துகொள்வது. அதிலிருந்து நெருக்கம். நெருக்கம் வந்தபிறகே நம் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு. கடைசியில்தான் நடத்தையில் மாற்றம். நாம் வீட்டில் செய்யும் தவறு என்னவென்றால், முதல் படியில் கால் வைக்காமலே ஐந்தாம் படிக்குத் தாவுவது. அந்தச் சித்தப்பா செய்தது அதுதான். நல்ல மனிதர், ஆனால் படி தாண்டிவிட்டார்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். புரிந்துகொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. ‘உங்கள் பயம் எனக்குப் புரிகிறது’ என்றால் ‘நீங்கள் செய்தது சரி’ என்று பொருளில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பேச்சுவார்த்தை என்றாலே சரணாகதி என்று பலர் கொதிக்கிறார்கள்.

கேட்டதையெல்லாம் கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள், ஆனால் முகத்தில் அடித்தாற்போல் “முடியாது” என்றும் சொல்ல மாட்டார்கள். எதைக் கொடுத்தாலும் பதிலுக்கு ஒன்று வாங்குவார்கள். சாப்பாடு வேண்டுமா? சரி, உடம்பு முடியாதவரை அனுப்புங்கள். இப்படி ஒவ்வொரு சிறு கொடுக்கல் வாங்கலும், இந்தப் பக்கம் சொன்னால் செய்வார்கள் என்ற நம்பிக்கையை வளர்க்கும். படத்தில் ஆஸ்துமா உள்ள காவலாளி வெளியே வருவதும், நீரிழிவு உள்ள மேலாளருக்காக மருத்துவர் உள்ளே போவதும் இந்த வகை. ஆயுதம் கேட்டால் கிடையாது. ஒருவருக்குப் பதில் இன்னொருவரை அனுப்பு என்றாலும் பொதுவாக ஏற்பதில்லை.

குடும்பத்தாரைக் கூட்டிவருவது பற்றியும் சொல்ல வேண்டும். சினிமாவில் அம்மா வந்து ஒலிபெருக்கியில் அழுதால் மகன் மனம் மாறும். நிஜத்தில் நெகோஷியேட்டர்கள் இதற்கு மிகவும் தயங்குவார்கள். அந்த மனிதரை இந்த நிலைக்குத் தள்ளிய காயத்தில் அந்த உறவுக்கும் பங்கு இருக்கலாம். சில சமயம் கடைசியாக விடைபெறுவதற்காகவே அவர் அந்த உறவைக் கேட்பார். இந்தப் படத்திலும் சன்னியின் அம்மா வருகிறார். பேசிவிட்டுப் போகிறார். ஒன்றும் இளகவில்லை, அவன் இன்னும் தனியாகிறான். லுமெட் இதை மிகைப்படுத்தாமல் எடுத்திருப்பதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பேசுகிறவர் முடிவெடுப்பதில்லை

இனி வருவது தலைமையைப் பற்றியது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

ஜவுளிக் கடையில் விலை குறைக்கச் சொன்னால் விற்பனையாளர், “எனக்கு ஆசைதான், முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்” என்பார். அவர் நம் பக்கம் நிற்பது போலத் தோன்றும். முதலாளியும் உள்ளே உட்கார்ந்து நிதானமாக யோசிக்க முடியும். முதலாளியே கல்லாவை விட்டு வந்து பேரம் பேசினால், கேட்ட உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

பணயக்கைதிச் சம்பவத்திலும் அதே ஏற்பாடு. பேசுகிறவர் ஒருவர். அவர் பக்கத்தில் அமர்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு, சின்னச் சின்னத் தாள்களில் குறிப்பு எழுதி நீட்டும் துணை நெகோஷியேட்டர் ஒருவர். நடப்பதையெல்லாம் பதிவு செய்பவர் ஒருவர். இவர்கள் யாரும் முடிவெடுப்பவர்கள் கிடையாது. முடிவெடுக்கும் கட்டளை அதிகாரி வேறு இடத்தில் இருப்பார், அவர் தொலைபேசியைத் தொடவே மாட்டார். கட்டளையிடுபவர் பேசக் கூடாது, பேசுபவர் கட்டளையிடக் கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம்.

மொரெட்டிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. பேசுவதும் அவரே, ஆட்களை நிறுத்துவதும் அவரே. தெருவெங்கும் நிற்கும் போலீஸ் கூட்டத்தைக் காட்டி சன்னியை அசத்தப் பார்க்கிறார். அது அவனை மேலும் மிரள வைக்கிறது. இருந்தாலும் அவர் செய்யும் ஒரு காரியத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும். சன்னி வெளியே வந்து நிற்கிறான். சுற்றிலும் துப்பாக்கிகள் அவனை நோக்கி நீள்கின்றன, சில போலீஸ்காரர்கள் ஊர்ந்து முன்னே வருகிறார்கள். மொரெட்டி சன்னியை விட்டுவிட்டுத் தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்துகிறார்: துப்பாக்கியை இறக்கு, பின்னால் போ. கையை வீசி வீசி, வியர்த்துப்போய், குரல் கிழியக் கத்துகிறார். அந்த நிமிடத்தில் அவருடைய முக்கியமான பேச்சுவார்த்தை கொள்ளையனோடு நடக்கவில்லை, சொந்தப் படையோடு நடக்கிறது.

நெருக்கடியில் தலைமை என்பது எனக்குப் புரிந்தவரை இதுதான். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நமைச்சல் எல்லோருக்கும் இருக்கும். மேலிடத்திலிருந்து போன் வரும், பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள், ஆயுதப் படை மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும். அந்த நமைச்சல் பேசுகிறவரின் காதுக்குப் போகாமல் நடுவில் நின்று தாங்கிக்கொள்பவர்தான் தலைவர்.

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1993இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேக்கோ என்ற ஊருக்கு அருகே நடந்ததைச் சொல்லலாம். ஒரு மதக் குழு தங்கியிருந்த இடத்தைப் பிப்ரவரி 28 அன்று அரசுப் படை சோதனையிடப் போய்த் துப்பாக்கிச் சண்டையானது. அதன்பின் 51 நாள் முற்றுகை. எஃப்.பி.ஐ.யின் நெகோஷியேட்டர்கள் பேசிப் பேசி 35 பேரை வெளியே கொண்டுவந்தார்கள், அதில் 21 குழந்தைகள். ஆனால் ஆட்கள் வெளியே வந்தபோதே இன்னொரு பக்கம் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். உள்ளே இருந்தவர்களின் வாகனங்களைக் கவச வண்டிகளால் நசுக்கினார்கள். இரவெல்லாம் ஒலிபெருக்கியில் இரைச்சலைப் போட்டார்கள். உள்ளே இருப்பவருக்கு என்ன புரியும்? நாம் ஒத்துழைத்தால் தண்டனை. ஒரு கை கூப்பிட, மறு கை அடித்தது. ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகை போட்டு உள்ளே நுழைய முயன்றபோது கட்டடம் தீப்பிடித்து 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும்தான். குழுத் தலைவரின் பொறுப்பும் இதில் பெரியது, அதை மறுக்கவில்லை. ஆனால் பேசும் கையையும் பிடிக்கும் கையையும் ஒரே தலை இயக்கியிருந்தால் இன்னும் எத்தனை குழந்தைகள் வெளியே வந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

சுருக்கமாக: பேசுவதும் முடிவெடுப்பதும் தனித்தனி ஆட்களிடம் இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதே தலைவரின் வேலை.

உள்ளே இருந்த தலைமை

வெளியே நிற்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வங்கிக்குள் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். படத்தில் மூத்த காசாளர் சில்வியா ஒரு கட்டத்தில் வாசல்வரை வருகிறார். அப்படியே ஓடிவிடலாம், போலீஸும் கூப்பிடுகிறது. அவர் தன் பெண்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லித் திரும்பி உள்ளே போகிறார். மேலாளரும் அப்படித்தான். உடம்பு முடியாமல் கிடக்கும் அவரைப் போகச் சொல்கிறான் சன்னி. அவர் எரிச்சலோடு மறுத்துவிட்டு நாற்காலியிலேயே இருக்கிறார். வீர வசனம் எதுவும் கிடையாது. இருக்க வேண்டிய இடம் இது என்பதுபோல இருக்கிறார்.

இங்கே ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப்போல் தப்பாகப் பயன்படும் சொல் குறைவு. 1973 ஆகஸ்டில் ஸ்வீடன் தலைநகரில் ஒரு வங்கியில் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பிணையாக இருந்தார்கள். பிடித்தவர்மேல் அவர்களுக்குப் பரிவு வந்தது என்று சொல்லி, அந்தச் சம்பவத்தில் போலீஸுக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பெய்ரோட்டின் வழியாக இந்தப் பெயர் பரவியது. பிணையாக இருந்தவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் உள்ளேயிருந்தே பிரதமர் ஊலோஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசினார். போலீஸ் உள்ளே பாய்ந்தால் சாவோம் என்ற பயம்தான் தனக்கு அதிகம் என்றார். யோசித்துப் பார்த்தால் இதில் நோய் எங்கே இருக்கிறது? அவர் ஆபத்தை நன்றாகவே எடைபோட்டிருந்தார். பிடித்தவரோடு இணக்கமாக இருப்பது உயிர் பிழைக்கும் வழி. அதைச் செய்த பெண்ணுக்கு மனநோய்ப் பெயர் சூட்டியது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

வெளியே வரும் நிமிடங்கள்

எல்லாம் பேசி முடிந்து, “சரி, வர்றேன்” என்று சொன்னபிறகு வேலை முடிந்தது என்று நினைப்போம். மிகவும் ஆபத்தான கட்டங்களில் ஒன்று அதுதான். தோற்றுப்போனவராக வெளியே வருவது யாருக்கும் எளிதில்லை. அதனால் அவர் மரியாதை கெடாமல் வருவதற்கு ஒரு வழி செய்துகொடுப்பார்கள். ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே சொல்வார்கள், திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

படத்தில் அது இல்லை. கடைசியில் பொறுப்பேற்கும் எஃப்.பி.ஐ. அதிகாரி அமைதியானவர், குரலை உயர்த்துவதே இல்லை. “சால் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சன்னியிடம் சொல்கிறார். சன்னிக்கு அதன் பொருள் முழுதாகப் பிடிபடவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வண்டியின் ஓட்டுநர், மேடு பள்ளத்தில் தவறிச் சுட்டுவிடும் என்று சொல்லிச் சாலின் துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடிக்க வைக்கிறார். பிறகு ஒரே குண்டு. பிணைக்கைதிகள் பிழைத்தார்கள், அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாலிடம் கடைசிவரை யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை. போலீஸ் பேசியதெல்லாம் சன்னியிடம்தான். எந்த நாட்டுக்குப் போக ஆசை என்று சன்னி கேட்டபோது, அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் வயோமிங் என்று சொன்ன பிள்ளை அவன்.

நிஜத்தில் அந்த வங்கிச் சம்பவம் நடந்த ஐந்தாம் மாதம், 1973 ஜனவரியில், அதே புரூக்ளினில் விளையாட்டுப் பொருள்களும் துப்பாக்கிகளும் விற்கும் கடை ஒன்றில் ஆயுதத்தோடு நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே பிணையாக. முதலிலேயே ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பழைய வழக்கப்படி என்றால் அன்றிரவே உள்ளே பாய்ந்திருப்பார்கள். சக போலீஸ்காரர் இறந்து கிடக்கும்போது காத்திருங்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம்! ஷ்லாஸ்பெர்க்கின் யோசனைப்படி காத்திருந்தார்கள். 47 மணி நேரம். இடையில் பிணையாக இருந்தவர்கள் கடைக்காரரின் உதவியோடு ஒரு சுவரை உடைத்து மொட்டை மாடி வழியாகத் தப்பினார்கள். அதற்குச் சில மணி நேரம் கழித்து அந்த நான்கு பேரும் சரணடைந்தார்கள், உயிரோடு.